லண்டன் சந்தையும் மாலபே சேர்வரும்

2022 மார்ச் கடைசி. நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள். ஹெந்தளையில் வீட்டுக்குள் இருக்க ஏலாத வெக்கை. நாங்கள் நாலைந்து பேர் வாசல் படியில் குந்தியிருந்து, நுளம்பு அடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தோம். (கொழும்பு எண்டுதான் சொல்லுவம். ஆனால் களனி கங்கையைத் தாண்டினால் கம்பஹா மாவட்டம். ஏதாவது ஃபோர்ம் நிரப்பும்போதுதான் எங்களுக்கு அது ஞாபகம் வரும்.)

எங்களோடு இருந்த அண்ணா ஒருவர் ஒரு தனியார் கம்பனியில் சேர்வர் பார்க்கிறவர். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஃபோன் அடித்தது. "யூ.பி.எஸ். எத்தனை நிமிஷம் காட்டுது? ஜெனரேட்டருக்கு டீசல் வந்ததா? வரேல்லயா? சரி, முதல்ல டேட்டாபேஸை நிப்பாட்டு. பிறகு மெஷினை. மாறிச் செய்யாத, விளங்குதா?"

ஃபோனை வைத்த பிறகு எங்களில் ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, சேர்வருக்கு விண்டோஸா நல்லது, லினக்ஸா?"

அண்ணா சிரித்தார். "ரெண்டும் கரண்ட் இல்லாட்டி ஓடாது." கொஞ்சம் பொறுத்து, "மாலபே கதை தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. 'நம்மட ஆக்கள் செய்த சிஸ்டம் லண்டன் பங்குச் சந்தையை ஓட்டுது' என்று பாடசாலையில் ஐ.சி.டி. படிப்பித்த சேர் ஒருதரம் பெருமையாகச் சொன்னது மட்டும் நினைவிருந்தது. அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் தேடி வாசித்தோம். சேர் சொன்னது உண்மைதான். ஆனால் கதை அவர் சொன்னதை விடப் பெரிசு, அவ்வளவு நேரானதும் இல்லை.

முதலில் சேர்வர் இயங்குதளம் என்றால் என்ன என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். எங்கள் மடிக்கணினியில் இருக்கிற இயங்குதளம் ஒரு ஆளுக்கு வேலை செய்கிறது. சேர்வரில் இருக்கிறது ஆயிரம் பேருக்கு, நித்திரை கொள்ளாமல் வேலை செய்கிறது. மடிக்கணினி உறைந்துபோனால் நாங்கள் பட்டனை அமத்திப் பிடித்து நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுவோம். சேர்வரில் அப்படிச் செய்தால் யாரோ ஒருவரின் காசு, யாரோ ஒருவரின் கடிதம், யாரோ ஒருவரின் வைத்தியப் பதிவு நடுவில் அறுந்துபோகும். ஆகவே ஒரு நிறுவனம் எந்த இயங்குதளத்தை எடுப்பது என்ற கேள்வி, அது பிழைத்தால் யார் எழும்பி வந்து பார்ப்பது என்ற கேள்வியும்தான்.

பங்குச் சந்தையின் சேர்வர் இதில் இன்னும் கொடுமையான வகை. அதன் வேலை சொல்லக் கேட்க இலேசு. ஒருவர் 'இந்த விலைக்கு வாங்குறன்' என்கிறார், இன்னொருவர் 'இந்த விலைக்கு விக்கிறன்' என்கிறார். ரெண்டையும் பொருத்த வேண்டும். யார் முதலில் வந்தார் என்ற வரிசை ஒரு அணுவும் பிசகக் கூடாது. வரிசை பிசகினால் அது கணினிப் பிழையாக நிற்காது, வழக்காகிவிடும்.

லண்டன் பங்குச் சந்தைக்கும் கணினிகளுக்கும் எப்போதுமே ஒரு கண்டம் இருந்தது. பங்குப் பத்திரங்களைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்ற 'டோரஸ்' என்றொரு பெரிய திட்டத்தை வருடக்கணக்காகக் கட்டி, 1993 மார்ச்சில் முற்றாகக் கைவிட்டார்கள். அப்போதைய தலைமை அதிகாரி பதவி விலக வேண்டி வந்தது. 2000 ஏப்ரல் 5, பிரித்தானிய வரி ஆண்டின் கடைசி நாள். அன்றைக்கென்று சிஸ்டம் எழும்பவில்லை. கிட்டத்தட்ட எட்டு மணித்தியாலம் பிந்தி, பின்னேரம்தான் வர்த்தகம் தொடங்கியது. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வரப்போகிற 'விண்டோஸ் விழுந்தது, லினக்ஸ் வென்றது' என்ற கதையைக் கேட்கும்போது இந்த 2000 ஏப்ரலை மறக்கக் கூடாது. அன்று அங்கே வர்த்தகத்தை ஓட்டியது விண்டோஸ் அல்ல.

2007 ஜூன் 18. லண்டன் சந்தை 'ட்ரேட்இலெக்ட்' என்ற புதிய வர்த்தக சிஸ்டத்துக்கு மாறியது. அக்சென்ச்சர் நிறுவனம் கட்டியது. மைக்ரோசொஃப்ட்டின் டொட் நெட், விண்டோஸ் சேர்வர் 2003, எஸ்.கியூ.எல். சேர்வர் 2000: அடியிலிருந்து நுனி வரை ஒரே வீட்டுச் சாமான். செலவு சுமார் 4 கோடி பவுண் என்று அந்த நாள் செய்திகள் எழுதின. அந்தக் காலத்தில் மைக்ரோசொஃப்ட், லினக்ஸுக்கு எதிராக 'உண்மைகளை அறியுங்கள்' என்ற பொருளில் ஒரு விளம்பரப் போரே நடத்திக்கொண்டிருந்தது. லண்டன் சந்தை விண்டோஸை நம்புகிறது என்பது அந்தப் போரில் அவர்கள் தூக்கிப் பிடித்த பெரிய பதாகைகளில் ஒன்று.

அதே 2007 ஜூனில் எங்கள் பக்கம் என்ன நடந்தது என்பதையும் ஒரு நிமிஷம் பார்ப்போம். ஜூன் 7 விடியப்புறம் கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பொலிஸ் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. வத்தளை, ஹெந்தளைப் பக்கத்திலும் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் ஒரு தமிழ்க் குடும்பம் நிம்மதியாக நித்திரை கொண்ட காலம் இல்லை அது. கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவலைக்குப் போகிற 177 பஸ்ஸில் ஏறினால் மாலபேக்குப் போய்விடலாம். ஆனால் வழியில் எத்தனை தரம் இறக்கி அடையாள அட்டை கேட்பார்கள் என்பது பெயரைப் பொறுத்தது. 'நம்மட நாட்டின் வெற்றி' என்று இந்தக் கதையைச் சொல்லும்போது, அந்த 'நம்மட' என்ற சொல் எங்கள் வாயில் கொஞ்சம் இடறுகிறது. இடறட்டும்.

திரும்பவும் லண்டன். 2007 இல் ஐரோப்பாவில் இரண்டு விஷயங்கள் மாறின. ஒன்று, பங்கு வர்த்தகத்தில் பழைய தேசியச் சந்தைகளுக்கு இருந்த தனியாதிக்கத்தை உடைக்கிற புதிய விதிகள் நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. மற்றது, 'சை-எக்ஸ்' போன்ற புதிய போட்டிச் சந்தைகள் முளைத்தன. இவை சின்னவை, மலிவு, பயங்கர வேகம். வாங்கி விற்பது மனிதர்கள் என்ற நிலை போய், புரோகிராம்களே புரோகிராம்களோடு பேரம் பேசத் தொடங்கிய காலம். அவைக்குப் பத்து மில்லிசெக்கன் என்பது ஒரு யுகம். நாங்கள் கண்ணை ஒருதரம் இமைக்க நூறு மில்லிசெக்கனுக்கு மேல் ஆகும் என்பதை வைத்து யோசித்துப் பாருங்கள். ட்ரேட்இலெக்ட் தொடக்கத்தில் நின்றது அந்தப் பத்து மில்லிசெக்கன் பக்கத்தில்தான். பிறகு திருத்தித் திருத்திக் குறைத்தார்கள். ஆனால் போட்டிக்காரர் இன்னும் முன்னால் ஓடினார்கள்.

2008 செப்டெம்பர் 8, திங்கட்கிழமை. முதல் நாள்தான் அமெரிக்க அரசாங்கம் ஃபானி மே, ஃபிரெடி மக் என்ற இரண்டு வீட்டுக்கடன் இராட்சசர்களைத் தன் பொறுப்பில் எடுத்திருந்தது. உலகம் முழுக்கப் பங்கு வாங்க ஓடுகிற காலை. ஒன்பது மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் லண்டன் சந்தை நின்றது. கிட்டத்தட்ட ஏழு மணித்தியாலம். திரும்ப எழும்பும்போது நாள் முடிய அரை மணித்தியாலம்தான் மிச்சம். அதே சிஸ்டத்தை லண்டனிலிருந்து பாவித்துக்கொண்டிருந்த ஜொஹனஸ்பேர்க் சந்தையும் கூடவே நின்றது. சந்தை சொன்ன காரணம் 'இணைப்புப் பிரச்சினை'. அதற்கு மேல் பெரிதாக விளக்கவில்லை. 2009 நவம்பர் 26 இல் திரும்பவும் மூன்றரை மணித்தியாலம் நின்றது.

இந்த நாட்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் தரகர்களின் நட்டத்தையும் தலைமை அதிகாரியின் முகத்தையும் பற்றி எழுதினார்கள். எங்களுக்கு வாசிக்கும்போது கண்ணுக்கு முன் வந்தது வேறு காட்சி. ஒரு குளிர் அறை. திரைக்கு முன் நாலு பேர். பின்னால் நிற்கிற ஒவ்வொருவரும் 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று கேட்கிறார்கள். கேட்கிறவருக்கு அது ஒரு கேள்வி. பதில் சொல்ல வேண்டியவருக்கு அது நாற்பதாவது தடவை. அண்ணா சொல்லுவார், "சேர்வர் விழுந்தா முதல் செய்ய வேண்டிய வேலை, கேள்வி கேக்கிற ஆக்களை அறைக்கு வெளியால விடுறது." அன்று லண்டனில் யாராவது விட்டார்களோ தெரியாது.

இப்போது மாலபே.

மிலேனியம் இன்ஃபோர்மேஷன் டெக்னோலஜீஸ் என்ற கம்பனியை டோனி வீரசிங்க 1996 இல் தொடங்கினார். 1996 என்றால் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்த வருஷம். கோட்டைப் பகுதியின் அலுவலகங்கள் கண்ணாடி இல்லாமல் கிடந்த வருஷம். அந்த வருஷத்தில் கொழும்பில் மென்பொருள் கம்பனி தொடங்குவதற்கு ஒன்றில் விசர் வேண்டும், அல்லது தைரியம் வேண்டும். பங்குச் சந்தைகளுக்கான மென்பொருள்தான் அவர்களின் தொழிலாக உருவெடுத்தது. கொழும்புப் பங்குச் சந்தையும் வாடிக்கையாளர். பிறகு வெளிநாட்டுச் சந்தைகள் சில. மாலபேயில் பெரிய வளாகம், அந்த ரோட்டுக்கே மிலேனியம் ட்ரைவ் என்று பெயர்.

2009 செப்டெம்பரில் லண்டன் பங்குச் சந்தைக் குழுமம் ஒரு அறிவித்தல் விட்டது. சேவியர் றோலே அப்போதுதான் அங்கே தலைமைக்கு வந்து சில மாதம். மிலேனியத்தை 3 கோடி டொலருக்கு, அந்த நாள் கணக்கில் சுமார் 1.8 கோடி பவுணுக்கு, முழுதாக வாங்குவதாகவும், ட்ரேட்இலெக்ட்டைக் கழற்றிவிட்டு மிலேனியத்தின் சிஸ்டத்தை வைப்பதாகவும் சொன்னார்கள். 2011/12 நிதியாண்டிலிருந்து வருடத்துக்கு ஒரு கோடி பவுணாவது மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு.

இந்த இலக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சிஸ்டத்தைச் செய்விக்க 4 கோடி பவுண். சிஸ்டம் செய்கிற கம்பனியையே, அதன் ஆட்கள், கட்டடம், அறிவு எல்லாவற்றோடும் வாங்க 1.8 கோடி பவுண். நாங்கள் இதை முதலில் வாசித்தபோது பெருமை வந்தது. இரண்டாம் தரம் வாசித்தபோது 'இவ்வளவு மலிவா?' என்று வந்தது. இரண்டுமே சரியான உணர்ச்சிதான் என்று இப்போது நினைக்கிறோம். போர் முடிந்து நாலு மாதம்தான். ரூபாயில் சம்பளம் வாங்குகிற திறமையான பொறியியலாளர்கள். லண்டனுக்கு அது நல்ல பேரம்.

புதிய சிஸ்டம் ஓடியது லினக்ஸில். ஏன் லினக்ஸ்? இங்கேதான் இயங்குதளம் பற்றிய உண்மையான விஷயம் வருகிறது.

1991 இல் ஹெல்சிங்கியில் ஒரு மாணவர் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கிய கேர்னல் அது என்ற கதை எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம். நிறுவனங்களுக்கு அதில் பெறுமதியானது இலவசம் என்பது அல்ல. பெரிய நிறுவனங்கள் லினக்ஸுக்கும் ஆதரவு ஒப்பந்தம் போட்டுக் காசு கட்டித்தான் ஓட்டுகின்றன. பெறுமதி என்னவென்றால், திறந்து பார்க்கலாம். ஒரு கட்டளை வலையமைப்பு அட்டைக்குள் வந்ததிலிருந்து புரோகிராமின் கைக்குப் போகிற வரைக்கும் எங்கெங்கே தாமதிக்கிறது என்பதைக் கேர்னலுக்குள் போய்த் தேடலாம். தேவையில்லாத சேவைகளைக் கழற்றி எறியலாம். 'இந்த ப்ரோசெசர் கோர் இந்த வேலைக்கு மட்டும், வேறு யாரும் தொடக்கூடாது' என்று கட்டிப்போடலாம். மைக்ரோசெக்கனுக்குச் சண்டை பிடிக்கிற சிஸ்டங்களில் இதெல்லாம் அன்றாட வேலை. மற்றப் பக்கத்தில் டொட் நெட் மாதிரிச் சூழல்கள் நினைவகத்தைத் தாங்களே துப்புரவாக்கும். புரோகிராம் எழுதுகிறவருக்கு அது பெரிய வசதி. ஆனால் கூட்டுகிற நேரம் பார்த்து ஒரு கணம் எல்லோரையும் ஒதுங்கி நிற்கச் சொல்லும். எங்கள் பாடசாலை இணையத்தளத்துக்கு அந்தக் கணம் ஒரு பொருட்டில்லை. சந்தைக்கு அது பெரிய கணம்.

லண்டன் தனியாக இந்தப் பக்கம் வரவில்லை. சிக்காகோ வணிகச் சந்தை அதற்கு முன்பே லினக்ஸுக்குப் போயிருந்தது, நியூயோர்க்கும் போனது. ஆகவே 'மாலபே பொடியள் லண்டனுக்கு லினக்ஸைக் காட்டினார்கள்' என்று சொன்னால் அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகும். காட்டியது இயங்குதளத்தை அல்ல. அதன் மேல் சந்தையை எப்படி எழுதுவது என்பதைத்தான்.

மாற்றம் கல்யாணப் பந்தல் மாதிரி நடக்கவில்லை. முதலில் 2010 ஒக்டோபரில் 'டர்க்கோயிஸ்' என்ற துணைச் சந்தையை மாற்றிப் பார்த்தார்கள். சராசரி 126 மைக்ரோசெக்கன் என்று அறிவித்தார்கள். பத்து மில்லிசெக்கனோடு ஒப்பிட்டால் எண்பது மடங்கு வேகம். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மாதம் கழியவில்லை, நவம்பர் 2 இல் டர்க்கோயிஸ் இரண்டு மணித்தியாலம் நின்றது. மனிதத் தவறு என்றும், அது சந்தேகத்துக்குரிய சூழ்நிலையில் நடந்திருக்கலாம் என்றும் சந்தை அறிக்கை விட்டது. நாசவேலையோ என்று பத்திரிகைகள் எழுதின. பிரதான சந்தையை மாற்றுகிற திட்டம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது.

2011 பெப்ரவரி 14, திங்கள். பிரதான சந்தை மாறியது. காதலர் தினம். அந்தச் சனி ஞாயிறு மாலபேயில் யார் யார் வீட்டில் என்ன சண்டை நடந்ததோ. பதினொரு நாள் கழித்து, பெப்ரவரி 25 வெள்ளிக்கிழமை, புதிய சிஸ்டமும் நின்றது. காலை முழுக்க, நாலு மணித்தியாலத்துக்கு மேல். லண்டனில் எட்டு மணி என்றால் எங்களுக்குப் பகல் ஒன்றரை. மாலபேயில் சாப்பாட்டுப் பார்சல்கள் அவிழ்க்காமலே கிடந்திருக்கும்.

பிறகு நிலைத்தது. 2012 இல் மிலான், ஒஸ்லோ, ஜொஹனஸ்பேர்க் சந்தைகளும் இதே சிஸ்டத்துக்கு வந்தன. ஜொஹனஸ்பேர்க் இந்த முறை லண்டன் சேர்வரில் தொங்காமல், இயந்திரத்தைத் தன் ஊருக்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டது. 2008 செப்டெம்பரில் வேறொருவர் வீட்டு மின்குமிழ் அணைந்ததால் தாங்களும் இருட்டில் இருந்ததை அவர்கள் மறக்கவில்லை போல. 2019 ஓகஸ்ட் 16 இல் லண்டன் சந்தை மென்பொருள் பிரச்சினையால் ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிஷம் பிந்தித் திறந்தது. லினக்ஸ்தான். அன்று யாரும் லினக்ஸுக்கு எதிராகப் பதாகை பிடிக்கவில்லை.

ஆகவே 2000 இல் விழுந்தது, 2008 இல் விழுந்தது, 2011 இல் விழுந்தது, 2019 இல் விழுந்தது. இயங்குதளங்கள் மாறின. எங்கள் பார்வையில் 2009 இல் உண்மையாக மாறியது விண்டோஸ் போய் லினக்ஸ் வந்தது அல்ல. அதுவரை சந்தை தன் இதயத்தை இன்னொருவரிடம் செய்வித்து, இன்னொருவரின் மூடிய பெட்டிக்குள் வைத்து ஓட்டியது. அதற்குப் பிறகு செய்கிறவர்களையே வீட்டுக்குள் கொண்டுவந்தது. விழுந்தால் எழுப்புகிறவர் எழுதினவராகவே இருந்தார். இந்த வித்தியாசத்துக்குத்தான் அவர்கள் 3 கோடி டொலர் கொடுத்தார்கள்.

இந்த நாட்டில் இப்படிச் செய்யக்கூடிய ஆட்கள் இருந்தார்கள் என்பதற்கு மிலேனியம் மட்டும் சாட்சி இல்லை. 2004 டிசம்பர் சுனாமி வந்து சில நாட்களிலேயே கொழும்பில் தன்னார்வலர்கள் சேர்ந்து 'சஹனா' என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். சஹனா என்றால் சிங்களத்தில் நிவாரணம். காணாமல்போனவர்களின் பதிவு, முகாம்களின் விபரம், எந்த நிவாரணம் எங்கே போகிறது என்ற கணக்கு. லினக்ஸ் போன்ற திறந்த மென்பொருள்களின் மேல் கட்டியது, யாரும் எடுத்துப் பாவிக்கலாம். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதை வளர்த்தது. 2005 இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அது போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மைக்கான 2006 விருதும் கிடைத்தது. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் சொந்தக்காரரை இழந்த எங்கள் குடும்பங்களுக்கு அந்தப் பெயரே தெரியாது என்பது வேறு கதை.

அப்படியான ஊரில் 2023 ஓகஸ்டில் நடந்ததை இனிச் சொல்ல வேண்டும்.

இலங்கை அரச நிறுவனங்களின் ஜீ.ஓ.வீ. டொட் எல்.கே. மின்னஞ்சல்கள் அரசாங்கத்தின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' என்ற கட்டமைப்பில் ஓடின. அதைப் பார்த்துக்கொண்டது ஐ.சி.டி.ஏ. என்ற அரச முகவர் நிறுவனம். மின்னஞ்சலுக்குப் பாவித்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான மைக்ரோசொஃப்ட்டின் ஆதரவு 2023 ஏப்ரல் 11 உடன் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஓட்டை கண்டுபிடித்தால் யாரும் அடைக்க மாட்டார்கள். ஓகஸ்ட் 26 இல் கப்பம் கேட்கிற தாக்குதல் ஒன்று உள்ளே வந்தது. கோப்புகளைப் பூட்டு போட்டு மாற்றிவிட்டு, திறப்புக்குக் காசு கேட்கிற வகை. சிஸ்டத்தை அரை நாளுக்குள் எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இல்லை. பெக்கப்பும் சேர்த்துப் பூட்டப்பட்டிருந்தது. சுமார் 5,000 முகவரிகள். அமைச்சரவை அலுவலகமும் அதற்குள். புதிய பதிப்புக்கு மாற்ற 2021 இலிருந்தே நினைத்திருந்ததாகவும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய சபை முடிவுகளாலும் பிந்திவிட்டதாகவும் பின்னர் விளக்கம் வந்தது.

நாங்கள் அந்த விளக்கத்தைச் சும்மா தள்ளிவிட மாட்டோம். 2022 ஐ எல்லோரும் சேர்ந்துதான் கடந்தோம். மருந்துக்கு டொலர் இல்லாத நாட்டில் சேர்வருக்கு டொலர் கேட்பது இலேசான வேலை இல்லை. கேட்ட அட்மினுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அண்ணாவுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. 'இப்ப ஓடுது தானே?' சேர்வர் பார்க்கிறவரின் முழுச் சாபமும் இந்த மூன்று சொல்லில் இருக்கிறது. நன்றாக ஓடினால் அவர் எதற்கு என்று கேட்பார்கள். விழுந்தால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பார்கள்.

ஆனால் பெக்கப் விஷயம் வேறு. பெக்கப்பின் ஒரு பிரதியைக் கழற்றி, வலையமைப்பில் தொடராமல் வேறு இடத்தில் வைப்பதற்குப் பெரிய டொலர் தேவையில்லை. பழக்கம் தேவை. அண்ணாவின் இடத்திலும் இது ஒருதரம் பிழைத்தது. ஒவ்வொரு இரவும் பெக்கப் 'வெற்றி' என்று மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது, எட்டு மாதம். ஒரு நாள் ஒரு டிஸ்க் போனது, திருப்பிப் போடப் பார்த்தால் உள்ளே டேட்டாபேஸ் இல்லை. வெறும் ஃபோல்டர்கள். கணக்குப் பகுதி மூன்று கிழமை பில் கட்டுகளை வைத்துக் கையால் அடித்தது. "பெக்கப் எண்டது எடுக்கிறது இல்ல, திருப்பிப் போட்டுப் பாக்கிறது" என்று அண்ணா அதற்குப் பிறகுதான் சொல்லத் தொடங்கினார். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வீட்டில் கிடக்கிற பழைய டெஸ்க்டொப்பில் லினக்ஸ் போட்டு, அந்த மாதத்துப் பெக்கப்பை முழுதாக விரித்துப் பார்க்கிறார். கம்பனி அதற்கு ஓவர்டைம் கொடுப்பதில்லை. நாங்கள் பிளேன்டீ கொடுக்கிறோம்.

லண்டன் சந்தைக்குத் தன் சிஸ்டம் நின்ற பிறகு, செய்கிறவர்களை வாங்கி உள்ளே வைக்க வேண்டும் என்று விளங்கியது. அவர்கள் வாங்க வந்த இடம் எங்கள் மாலபே. அதே ஊருக்குள் இருந்த அரசாங்கத்துக்கு, தன் கடிதங்களைப் பார்த்துக்கொள்ள நாலு பேருக்கு வேண்டியதைக் கொடுக்க வேண்டும் என்று விளங்கவில்லை. திறமை இல்லாமல் போன கதை இல்லை இது. யாருடைய தரவுக்கு விலை இருக்கிறது என்ற கதை. லண்டனில் ஒரு மணித்தியாலம் நின்றால் அடுத்த நாள் பத்திரிகையில் தொகை வரும். மூன்று மாத அரச மின்னஞ்சல் போனால் தொகை போட யாருக்கும் தெரியாது.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தி 2023 ஜூனில் ஒரு அரச அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டிருந்தாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து பிழை. தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றி எழுதும்போது வருகிற வழமையான பிழைதான், எங்களில் பாதிப் பேரின் வீட்டில் இருக்கிறது. ஸ்கான் செய்த பத்திரங்கள், சத்தியக்கடதாசி எல்லாம் இணைத்துத் தமிழில் எழுதி அனுப்பினாள். பதில் இல்லை. செப்டெம்பரில் நேரே போய்க் கேட்டதற்கு, அப்படி ஒன்றும் வரவில்லையே என்றார்கள். அவளுடைய 'அனுப்பியவை' பெட்டியில் அது இன்னமும் இருக்கிறது, ஜூன் மாதத் திகதியோடு.

இரண்டாம் தரம் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, ஹெந்தளைச் சந்தியில் பஸ் பிடித்துக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கினவர் ஒரு கொப்பியில் சீல் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கொப்பியை அவளுடைய அம்மா லெமினேட் பண்ணி வைத்திருக்கிறா.